அந்த ஊர்ச் சுவரில் ஒரு மாரிமுத்து

குமார், இதைப் படித்து முடிக்க உனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆகும் என்று எனக்குத் தெரியும். பர்மிய மொழியில் எழுதியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ‘சரிப்பா’ என்று ஒரு வரி அனுப்பியிருப்பாய். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படி. புரியாத இடம் வந்தால் எனக்குப் போன் போடாதே, இன்னொரு தடவை படி. போனில் நாம் பேசினால் பாதியில் லைன் அறுந்துபோகிறது. அது அறுபடாத நாளில் எனக்குக் கோபம் வந்து நானே அறுத்துவிடுகிறேன். காகிதத்தில் அந்த வசதி கிடையாது.

முதலில் உன் ஊரைப் பற்றிக் கேட்க வேண்டும். இத்தாலியில் ஒரு சின்ன ஊர், மேட்டில் ஒரு மாதா கோயில், ஒரே ஒரு ரொட்டிக்கடை, நீ வேலை பார்க்கும் டிராக்டர் பட்டறை, கீழே ஓர் ஆறு என்று நீ முன்பு சொன்னதெல்லாம் என் மனதில் படமாக இருக்கிறது. எண்பது வருஷத்துக்கு முன்னால் அந்த ஆற்றைக் கடக்க இரண்டு பட்டாளங்கள் ஒரு குளிர்காலம் முழுக்கச் சண்டை போட்டன என்றும், சரிவு முழுக்க வெள்ளைக் கல்லறைக் கற்கள் வரிசையாக நிற்கின்றன என்றும் சொன்னாய். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. அந்த ஊர்ப் பிள்ளைகள் பந்து விளையாடும்போது பந்து உருண்டு அந்தக் கற்களுக்குள்ளே போனால் என்ன செய்கிறார்கள்? ஓடிப்போய் எடுக்கிறார்களா, தயங்குகிறார்களா? உழும்போது கலப்பையில் சிக்கும் இரும்புத் துண்டுகளைப் பட்டறையில் ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருக்கிறீர்களாமே, அதை யாராவது எப்போதாவது காலி செய்கிறார்களா? வெளியூர் ஆட்கள் வந்து அழுதுவிட்டுப் போகும் ஓர் ஊரில் தினமும் குடியிருப்பது எப்படி இருக்கும்? நீ இதையெல்லாம் சொன்னபோது நான் ‘ஊம்’ கொட்டினேனே தவிர ஒன்றுமே கேட்கவில்லை. அந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலே நான் பேச்சை மாற்றிவிடுவேன். அது ஏன் என்று நான் உனக்கு முழுதாகச் சொன்னதே இல்லை.

என் அப்பாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார், மாரிமுத்து என்று பெயர். எனக்குப் பெரியப்பா. ரங்கூன் துறைமுகத்தில் சரக்குக் கப்பலில் வேலை. ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயம், அவருடைய கப்பல் மதராசுக்குப் புறப்பட்டது. பெரியம்மாவையும் மூன்று மாதக் கைக்குழந்தையையும் என் அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டு, ‘அடுத்த நடையில் வந்து கூட்டிப்போகிறேன்’ என்று ஏறினார். அடுத்த நடை வரவே இல்லை. சண்டை முடிந்து தபால் ஓடத் தொடங்கியதும் பழைய கடிதம் ஒன்று சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்தது. இங்கிலீஷ்காரன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டேன், பாலம் போடுகிற வேலை, இத்தாலிக்கு அனுப்புகிறார்கள் என்று நாலு வரி. அப்புறம் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஊர் திரும்பிய துறைமுக ஆள் ஒருவன்தான் வாசலில் நின்று, ‘உங்க மாரிமுத்து நல்லாத்தான் இருக்கான், வெள்ளைக்காரி ஒருத்தியோட குடித்தனம் பண்றான்’ என்று சொல்லிவிட்டுப் போனானாம். அவன் கண்ணால் பார்த்தானா, காதால் கேட்டானா என்று ஒருத்தரும் விசாரிக்கவில்லை. பெரியம்மா சாகும்வரை தாலியைக் கழற்றவில்லை. வாழாவெட்டி என்று தெருவே பேசியதைக் கேட்டுக்கொண்டேதான் செத்தார். அந்தக் கைக்குழந்தைதான் உன் பாக்கியம் அத்தை.

அத்தையின் வாயை உனக்குத் தெரியும். ரங்கூன் பபேடான் பேட்டையில் அந்த இரண்டாம் மாடியில் எண்பத்து நாலு வயதிலும் தையல் மிஷினை மிதித்துக்கொண்டு, பால்கனியிலிருந்து மணி கட்டிய கயிற்றை இறக்கிப் பேப்பர்காரனைத் திட்டிக்கொண்டு இருக்கிறவர். அவர் எல்லாரையும் திட்டுவார், ஆனால் தன் அப்பாவைத் திட்டும்போது மட்டும் குரல் இறங்கிவிடும். ‘தின்ன சோறு செரிக்காம போகட்டும் அந்த ஆளுக்கு’ என்பார். நான் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த வசவு அது.

இப்போது நீ யோசித்துப் பார். இங்கே பர்மியப் பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு வந்த மாதமே உன்னைக் கப்பல் வேலைக்கு அனுப்பினேன். என் பிள்ளை துப்பாக்கி தூக்கக் கூடாது, அவ்வளவுதான் என் கணக்கு. நீ கப்பலை விட்டு இறங்கி வேலை தேடி எங்கெங்கோ அலைந்து கடைசியில் போய் நின்ற ஊர், பட்டாளத்துக்காரர்களின் கல்லறை நிரம்பிய ஊர். அதுவும் இத்தாலி. அதற்குமேல் ஒருநாள் போனில், ‘அப்பா, லூசியான்னு ஒரு பொண்ணு, கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்’ என்கிறாய். என் வாயில் வந்ததைச் சொன்னேன். ‘அந்த நாடு நம்ம குடும்பத்துல ஒருத்தன முழுங்குனது பத்தலையா? எனக்குப் பிள்ளை இல்லைன்னு தலை முழுகிடுறேன்’ என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன்.

உன் அம்மா அப்போது அடுப்படியில் மொஹிங்காக் குழம்புக்கு மீனை முள்ளெடுத்து உதிர்த்துக்கொண்டிருந்தாள். கையைக்கூடக் கழுவாமல் வந்து நின்றாள். ‘உன் அப்பா என்னைப் பற்றிச் சொன்ன அதே வார்த்தை. எழுத்து மாறாமல் சொல்லிவிட்டாய்’ என்று பர்மிய மொழியில் சொன்னாள். நான் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொன்ன அன்று என் அப்பாவும் தலை முழுகுகிறேன் என்றுதான் சொன்னார். நாலு வருஷம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. நீ பிறந்த பிறகு ஒரு பை நிறைய மாம்பழத்தோடு வந்து, ஒன்றும் நடக்காதது போல் உட்கார்ந்தார். மன்னிப்பு என்று ஒரு சொல் சொல்லவில்லை. நான் அதை அவர் சாகும்வரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகவே உனக்கு அந்தச் சொல்லை முதலிலேயே எழுதிவிடுகிறேன்: நான் பேசியது தப்பு. என்னை மன்னித்துவிடு.

இரண்டு மாதம் நாம் பேசவில்லை. அப்புறம் ஒரு காலையில் நீ ஒரு வார்த்தையும் எழுதாமல் ஒரு படம் மட்டும் அனுப்பினாய். நினைவுச் சுவர் ஒன்று, அதில் வரிசை வரிசையாகப் பெயர்கள், நடுவில் ஆங்கில எழுத்தில் மாரிமுத்து. முன்னால் ஒரு நம்பர். நம் ஆட்களில் இந்துக்களை அங்கே புதைக்காமல் எரித்தார்கள், அவர்களுக்குக் கல் இல்லாததால் பெயரை மட்டும் சுவரில் வெட்டியிருக்கிறார்கள் என்று பிறகு கேட்டதும் சொன்னாய். நான் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரயில்வே சிக்னலில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவன் நான். ஒரு விளக்கை மட்டும் பார்த்து வண்டியை விடக் கூடாது, இரண்டாவதையும் பார்க்க வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவன். அன்றைக்கு அந்த ஒற்றை விளக்கைப் பார்த்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு உன் அத்தை வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டேன். நகரத்துக்குள் போகும் ஓடைப் பாலத்தில் நெரிசலில் பஸ் அரைமணி நேரம் நின்றது. இறங்கி நடந்துவிடலாமா என்று இருந்தது.

பாக்கியம் அக்கா படத்தை வாங்கிக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்துக்கொண்டார். அவருக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. ‘இதுல எது?’ என்றார். விரல் வைத்துக் காட்டினேன்.

‘செத்துட்டாரா?’

‘சண்டையிலேயே போயிட்டாருக்கா. யாரோடயும் குடித்தனம் பண்ணல. தந்தி அனுப்பியிருப்பாங்க, இங்க ஜப்பான்காரன் இருந்தான், எப்படி வந்து சேரும்?’

 அப்புறம், ‘எரிச்சாங்களா?’ என்று கேட்டார். எரித்தார்களாம் என்றேன். ‘யாரு கொள்ளி வெச்சா?’ என்றார்.  மிஷினில் பாதி தைத்த ரவிக்கையை எடுத்து மடித்து வைத்தார். திரும்பவும் பிரித்தார், திரும்பவும் மடித்தார். ‘அம்மா இருந்திருந்தா இன்னிக்கு ஒரு வாய் நிம்மதியாச் சாப்பிட்டிருக்கும்’ என்றார். நான் அறிந்து அவர் அழுது பார்த்தது அன்றுதான்.

அந்த அமாவாசைக்கு அக்கா கோயிலில் தன் அப்பா பெயரைச் சொல்லி மோட்ச விளக்கு ஏற்றினார். வடையும் பாயசமும் செய்து, படியேற முடியாதவர்களுக்குக் கயிற்றில் இறக்கி, தெரு முழுக்கக் கொடுத்தார். ‘எங்கப்பா சண்டையில செத்தவரு, வெள்ளைக்காரன் ஊர்ல சுவர்ல பேரு வெட்டி வெச்சிருக்கான்’ என்று பள்ளிவாசல் பக்கத்து பாய் கடைவரைக்கும் போய்ச் சொன்னார். எண்பத்து நாலு வருஷம் தலை குனிந்திருந்த மனுஷி நிமிர்ந்து நடந்ததை நான் பார்த்தேன்.

அதற்கு மறுநாள் உன்னுடைய அடுத்த சேதி வந்தது. லூசியாவின் அப்பாதான் அந்தக் கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுகிறவர் என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். வாசல் சுவரில் ஒரு சின்ன இரும்புப் பெட்டி இருக்கிறது, அதற்குள் பதிவுப் புத்தகம் இருக்கிறது, அதில் அந்த நம்பருக்கு நேரே இன்னாருடைய மகன், இன்னாருடைய கணவன், இன்ன ஊர் என்று எழுதியிருக்கிறது என்று படம் அனுப்பினாய். செல்லம்மாளின் கணவன். திருச்சிப் பக்கத்து ஒரு கிராமம். நம் பெரியம்மா பெயர் வள்ளி. நம் பெரியப்பா ரங்கூனிலேயே பிறந்தவர். நான் அந்தப் படத்தைப் பத்துத் தடவை பார்த்தேன், எழுத்து மாறவில்லை. அது வேறொரு மாரிமுத்து. நம் பெரியப்பா எங்கே செத்தார், எப்படிச் செத்தார், அல்லது நிஜமாகவே யாரோடோ வாழ்ந்து கிழவராகிச் செத்தாரா, ஒன்றும் தெரியாது. எல்லாம் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

நான் பதினோரு நாள் அக்காவிடம் சொல்லவில்லை. இதையும் உனக்கு ஒளிக்காமல் எழுதுகிறேன். கிழவி சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டுமே, யாருக்கு நஷ்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கருணை மாதிரி தெரிந்தது, ஆனால் முக்கால்வாசி பயம். உன் அம்மாதான், ‘வாசலில் நின்று பொய் சொல்லிவிட்டுப் போனானே ஒருத்தன், நீயும் அவனும் ஒன்றா?’ என்று கேட்டாள். அதற்குமேல் வீட்டில் உட்கார முடியவில்லை.

அக்காவிடம் சொன்னேன். கேட்டு முடித்ததும், ‘எத்தனை நாளாத் தெரியும்?’ என்றார். பதினோரு நாள் என்றேன். ‘எறங்கிப் போ’ என்றார். அவ்வளவுதான். அடுத்த நாள் கீழே நின்று மணிக்கயிற்றை இழுத்துப் பார்த்தேன், கயிறு மேலே போய்விட்டது. அதற்கடுத்த நாளும் அப்படியே. அந்தத் தெருவில் அவர் எப்படி முகம் காட்டுவார் என்பதே என் நினைப்பாக இருந்தது.

நாலாம் நாள் அவரே போன் போட்டார். எடுத்த எடுப்பில், ‘அந்தச் செல்லம்மாவுக்குப் பிள்ளை குட்டி உண்டா?’ என்று கேட்டார்.

‘தெரியாதேக்கா.’

‘எனக்குத் தெரியணும். நான் வேற ஒருத்தி அப்பனுக்கு விளக்கு ஏத்தியிருக்கேன். அவளுக்குச் சொல்ல வேணாமா?’

அந்தக் கிராமத்துத் தபால் அலுவலகத்துக்கு எழுதச் சொன்னார். எண்பது வருஷத்துக்கு அப்புறம் அங்கே யார் இருப்பார்கள் என்றேன். ‘நீ எழுது, இருக்கிறவங்க இருப்பாங்க’ என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தெருவில் என்ன சொன்னீர்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். ‘ஆள் மாறிப்போச்சுன்னு சொன்னேன். பாயசம் மாறலையேன்னு பாய் சொன்னாரு’ என்றார். சிரித்தாரா என்று போனில் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஏழு வாரம் கழித்து கடிதத்தில் எழுதியிருந்த என் நம்பருக்கு, வைபர் ஆப்பில் ஓர் அழைப்பு வந்தது. அந்த ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர். தபால்காரர் கடிதத்தை அவரிடம் கொடுத்திருக்கிறார், காரணம் அவர்தான் செல்லம்மாளுடைய மகள் வீட்டுப் பேரன். அந்த மகள் உயிரோடு இருக்கிறார், ராசாத்தி என்று பெயர், நம் அக்காவைவிட இரண்டு வயது இளையவர். ஞாயிற்றுக்கிழமை காலை, மின்சாரம் இருக்கும் நேரம் பார்த்து, அக்கா வீட்டில் உட்கார்ந்து இரண்டு பேரையும் பேச வைத்தேன். படம் விட்டு விட்டுத்தான் வந்தது.

‘பர்மாவுல இருந்தா பேசுறீங்க?’

‘ரங்கூன்ல இருந்து பேசுறேன்மா. உங்கப்பா பேரை எங்க தம்பி மவன் பார்த்திருக்கான். அந்த ஊர்லதான் வேலை அவனுக்கு.’

அவர்கள் வீட்டில் தந்தி அப்போதே போய்ச் சேர்ந்திருக்கிறது. மெடல் இருக்கிறதாம், அவர் அம்மாவுக்குப் பென்ஷனும் வந்திருக்கிறது. ‘தந்தி வந்தப்ப நான் கைக்குழந்தையாம்’ என்றார் ராசாத்தியம்மா. ‘செத்துட்டாருன்னு தெரியும். எங்கன்னுதான் தெரியாது. அம்மா கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு, அந்த ஊரு மேடா, பள்ளமா, தண்ணி கிண்ணி உண்டான்னு. யாருக்குத் தெரியும் சொல்றதுக்கு?’

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. தானே போய் வந்தவர் போலச் சொன்னார்: ‘மேடும்மா. கீழ ஆறு ஓடுது. புல்லு வளர விடுறதில்ல, ஒருத்தர் பொறுப்பா வெட்டிச் சுத்தமா வெச்சிருக்காரு. அவரு மவளைத்தான் எங்க பையன் கட்டிக்கப்போறான்.’

குமார், உன் கல்யாணம் நிச்சயமானது அந்த நிமிஷத்தில்தான். நான் சம்மதம் சொல்லி நடந்ததல்ல. உன் அத்தை திருச்சிப் பக்கத்துக்கு அறிவித்துவிட்டார். ராசாத்தியம்மா, ‘அப்ப நம்ம சம்பந்தி வீட்டு ஊரா அது!’ என்று சிரித்தார். 

இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். அப்பா முகம் தெரியாத இரண்டு கிழவிகள். ஒருத்திக்கு மெடல் இருந்தது, இடம் தெரியாது. ஒருத்திக்கு இடம் தெரிந்தது, அது அவள் அப்பாவுடையது அல்ல. பேசி முடித்ததும் அக்கா தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார். நான் மெதுவாக, ‘பெரியப்பாவைப் பத்தி வேற ஊர்லயும் தேடிப் பார்க்கச் சொல்லவா? இப்படிச் சுவர்கள் இன்னும் பல இருக்காம்’ என்றேன்.

‘தேடட்டும். கிடைச்சா சரி’ என்றார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ‘கிடைக்கலேன்னா, அந்தத் துறைமுக ஆளு சொன்னது நிஜமாக்கூட இருக்கலாம் தம்பி. எவளோ ஒருத்தி குளிருக்கு ஒரு கம்பளி கொடுத்திருப்பா, ஒரு வாய் சோறு போட்டிருப்பா. இத்தனை வருஷம் அவ நாசமாப் போகணும்னு வேண்டிக்கிட்டேன். இனிமே வேண்டமாட்டேன்’ என்றார்.

நான் உனக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முடியாது. இரண்டே இரண்டு சொல்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு கோபம் வந்தால் கத்து, ஆனால் ‘தலை முழுகுகிறேன்’ வகைச் சொற்களை வாயில் வைத்துக்கொள்ளாதே. அவை அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. உன்னோடு நிற்கட்டும். இன்னொன்று, லூசியாவின் வீட்டாரிடம் கேள். அந்தக் குளிர்காலத்தில் அவர்கள் வீட்டு ஆட்கள் எங்கே ஒளிந்திருந்தார்கள், என்ன தின்றார்கள், நம் ஆட்களைப் பார்த்தபோது என்ன நினைத்தார்கள் என்று கேட்டு எனக்கு எழுது. கேட்காமல் இருந்ததால்தான் நம் வீட்டில் ஒருத்தன் சொன்ன ஒற்றை வாக்கியம் எண்பது வருஷம் குடியிருந்தது.

ராசாத்தியம்மா கேட்டபடி அந்தச் சுவரையும் சரிவையும் ஆற்றையும் வெளிச்சமான நாளில் படம் எடுத்து அந்த வாத்தியாருக்கு அனுப்பு. லூசியாவின் அப்பாவையும் ஒரு படத்தில் நிற்க வை. அவர் யார் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அப்படியே அவரிடம் கேள், ஒவ்வொரு பெயரையும் அவர் படித்திருக்கிறாரா, அல்லது புல்லைத்தான் பார்ப்பாரா என்று. எந்தப் பதிலானாலும் எனக்குச் சம்மதம்.

கல்யாணத்துக்கு எங்களால் வர முடியாது. இப்போது இங்கே பாஸ்போர்ட் வாங்க முடியாத நிலைமை உனக்குத் தெரியும். நீ இங்கே வந்து ஒருதரம் எங்கள் காலில் விழுந்துவிட்டுப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னாயாம். அவள் அன்று முழுக்கச் சமைத்துக்கொண்டே இருந்தாள், சாப்பிட ஆள் இல்லை. உன்னைப் பார்க்க எனக்கு இருக்கும் ஆசையை எந்த மொழியில் எழுதுவது என்று தெரியவில்லை. ஆனாலும் வராதே. நம் தெருவில் இருபது வயதுப் பையன்கள் இருந்த வீடுகளில், பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கத் தொடங்கியதிலிருந்து, அவர்களுடைய செருப்புகள் மட்டும்தான் வாசலில் கிடக்கின்றன. வா என்று நான் போனில் அழுதாலும் வராதே. அது நான் பேசுவதல்ல, வயசு பேசுவது. அங்கேயே கல்யாணம் செய்துகொள், அங்கேயே பிள்ளை பெற்றுக்கொள். நாங்கள் இருக்கிறோம்.

அப்பா